சந்தேகப்படவும் கற்றுக் கொடுங்கள்!

கணிதம் படிக்கிற மாணவனுக்கு நர்சிங் படிப்பைப் பற்றி என்ன கவலை என்று இப்பக்கத்தைப் புரட்டும் நண்பர்கள் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. அரசு மருத்துவமனைக்கு நான் நோயாளியாகப் போயிருக்கிறேன். பாட்டி படுத்திருந்தபோது சோற்றுத் தூக்கோடு போயிருக்கிறேன். அதற்கு மேல் அந்த உலகத்தோடு எனக்கு உறவில்லை. ஆனாலும் சென்ற ஆண்டு ஓர் இரவில் நடந்த சிறு நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

என் பெரியம்மா மகள் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் படிக்கிறாள். அப்போது மூன்றாம் ஆண்டு. இப்போது நான்காம் ஆண்டு. எங்கள் இரண்டு குடும்பங்களிலும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அக்காவும் நானும்தான். பெரியப்பா கல் குவாரியில் வேலை செய்கிறவர். என் அப்பா தறி ஓட்டுகிறவர். பாடத்தில் ஐயம் என்றால் அக்காவுக்கும் வீட்டில் கேட்க ஆளில்லை, எனக்கும் இல்லை. அதனால் ஒருவருக்கொருவர் போன் செய்து கேட்டுக் கொள்வது எங்கள் வழக்கம்.

அன்று இரவு மணி பதினொன்று இருக்கும். "டேய் தம்பி, தூங்கிட்டியா? ஒரு கணக்கு சொல்லுடா" என்றாள். ஒரு லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்றி முடிக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை துளி விழும்படி வைப்பது? இதுதான் கணக்கு. சூத்திரத்தை முதலாண்டில் மனப்பாடம் செய்ததாகவும், தேர்வோடு அது போய்விட்டதாகவும் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக் கொண்டாள். செல்போனில் உள்ள செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருக்கிறாள். 31 துளி என்று அது சொன்னது. அறைத் தோழி தன் போனில் கேட்டாள். அங்கே 42 என்று வந்தது. இரண்டும் படிப்படியாக வழிமுறை எழுதி, அடியில் விடையையும் தடித்த எழுத்தில் போட்டிருந்தன.

"ரெண்டுமே அடிச்சுச் சொல்லுதுடா. காலையிலே டூட்டி. எதை நம்புறது?"

நான் நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். ஆயிரம் மில்லியை, ஒரு மில்லிக்கு எத்தனை துளியோ அதனால் பெருக்கி, 480-ஆல் வகுக்க வேண்டும். மில்லிக்கு 15 துளி என்று வைத்தால் 31 வருகிறது. மில்லிக்கு 20 என்று வைத்தால் 42 வருகிறது. பெருக்கலிலும் வகுத்தலிலும் இரண்டு போன்களும் பிழை செய்யவில்லை! மில்லிக்கு எத்தனை துளி என்பதை அக்கா கேள்வியில் சொல்லவில்லை. "அதைச் சொல்லம்மா" என்று அவை திருப்பிக் கேட்கவும் இல்லை. தாமாக ஓர் எண்ணை வைத்துக் கொண்டு கணக்கை முடித்துவிட்டன.

"அக்கா, ஒரு மில்லிக்கு எத்தனை துளின்னு எங்கே போட்டிருக்கும்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அய்யோ, ஐ.வி. செட் கவர் மேலேயே போட்டிருக்கும்டா!" என்றாள். பயிற்சிக்காகக் கொடுத்த செட் ஒன்று அவள் பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். மில்லிக்கு 20 துளி என்று அச்சிட்டிருந்தது. வார்டிலும் அதே வகைதான் போடுவார்களாம். ஆக, 42.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பீர்கள். 31 துளி என்று வைத்திருந்தால் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டிய சலைன் முடியப் பத்தே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அது தாமதம். குழந்தைகளுக்குப் போடுகிற நுண்துளி செட்டில் மில்லிக்கு 60 துளி. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 125 துளி என்று வரும். அந்த 125-ஐ 20 துளி செட்டில் வைத்தால் முழு லிட்டரும் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் உடம்புக்குள் போய்விடும். இதயம் பலவீனமான ஒரு முதியவருக்கு அப்படி ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். கணக்கில் நான் பிழை செய்தால் எனக்கு இரண்டு மதிப்பெண் போகும். அக்காவின் கணக்கில் பிழை வந்தால் ஒரு வீட்டின் விளக்கே அணையலாம். நர்சிங் மாணவிக்கு இக்கருவியைக் கற்றுத் தருவது பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை ஒரு கணமும் மறக்கக் கூடாது.

திரைமறைவுப் படிப்பு

அக்காவின் கல்லூரியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி ஒப்படைப்புகள் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்பது அதன் சாரம். அறிவிப்பு சுவரில் இருக்கிறது. போன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நோயாளிக்கு என்னென்ன பராமரிப்பு செய்ய வேண்டும் என்று மாணவிகள் எழுதும் 'கேர் பிளான்' பெரும்பாலும் போனில் பிறந்து, பேனாவால் நகலெடுக்கப்பட்டு, ஆசிரியையின் மேசையை அடைகிறது.

ஒரு தோழியின் கேர் பிளானைப் பற்றி அக்கா சொன்னாள். நோயாளி தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்ட நிலையில் அசையாமல் படுத்திருப்பவர். 'நோயாளியைத் தினமும் இருமுறை நடக்கச் செய்தல்' என்று ஏட்டில் எழுதியிருந்ததாம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஓரத்தில் சரி என்ற குறியும் இருந்தது. எழுதியவள் படிக்கவில்லை, திருத்தியவருக்குப் படிக்க நேரமில்லை. எழுதிய இயந்திரமோ அந்த நோயாளியைக் கண்டதே இல்லை.

அந்தக் கல்லூரியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இந்நிலை எங்கும் இருக்கிறது. நம் கல்லூரியில் மட்டும் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நண்பர்களே! முதலாண்டில் ஓர் ஒப்படைப்புக்காக நானும் போனிடம் பார்வை நூல்கள் கேட்டேன். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் அழகாகக் கொடுத்தது. அதில் ஒரு நூலைத் தேடி நம் நூலகருக்கு அரை மணி நேரம் வேலை கொடுத்தேன். கடைசியில்தான் தெரிந்தது, அப்படி ஒரு நூலே உலகில் எழுதப்படவில்லை என்று. நூலகர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தடை போட்டால் பழக்கம் நிற்பதில்லை; மறைவிடத்துக்குப் போகிறது. மறைவில் செய்கிற பிழையை யாரும் திருத்த முடியாது. ஆகவே கருவியை வகுப்பறைக்குள் கொண்டு வாருங்கள், ஆசிரியரின் கண்முன் பயன்படுத்தச் செய்யுங்கள், அதன் பேச்சில் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதைப் பாடமாகவே கற்றுக் கொடுங்கள் என்பதே இக்கட்டுரையில் நான் வைக்கும் வேண்டுகோள்.

இயந்திரத்தின் இயல்பு

சந்தேகப்பட வேண்டுமானால் அதன் இயல்பு தெரிய வேண்டும். 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற புதிய அமைப்பை வெளியிட்டனர். அந்த அமைப்பின் மேல் கட்டப்பட்டதே ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2022 நவம்பர் 30-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சாட்ஜிபிடி. அதன்பின் இத்தகைய கருவிகள் பல வந்துவிட்டன. மனிதர் எழுதிய எழுத்துகளை மலையளவு படிக்கச் செய்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். இக்கணிப்பின் வலிமை வியப்பூட்டுவது. ஐயத்தைத் தீர்க்கிறது, சுருக்கி எழுதுகிறது, தமிழிலும் பேசுகிறது. ஆனால் கணிப்பு என்றும் கணிப்புதான். தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் அதன் குரல் பெரும்பாலும் ஒரே குரல். தெரியாத கேள்விக்கு நாம் திருதிருவென விழிப்போம். அந்த விழிப்பைக் கண்டே ஆசிரியர் நம்மைப் பிடித்துவிடுவார். இயந்திரம் விழிப்பதில்லை!

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் 'விஸ்பர்' என்ற கருவியை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் சோதித்த ஒலிப்பதிவுகளில் சுமார் 1 விழுக்காட்டில், யாரும் பேசாத சொற்றொடர்களை அது தானே சேர்த்து எழுதியிருந்தது. ஒரு விழுக்காடுதானே என்று தள்ளிவிடலாமா? நாற்பது நோயாளிகள் உள்ள ஒரு வார்டு. நாளுக்கு மூன்று ஷிப்டு. ஷிப்டுக்கு ஒரு குறிப்பு என்றால் நாளொன்றுக்கு 120 குறிப்புகள். இதே விகிதம் அங்கும் நேர்ந்தால் தினம் ஒரு நோயாளியின் ஏட்டிலாவது நடக்காத ஒன்று நடந்ததாக ஏறும். அந்த நோயாளி யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இக்கருவிகள் படித்த எழுத்தில் ஆங்கிலம் மிகுதி. அதில் அமெரிக்க எழுத்து ஏராளம். நாம் பாரசிட்டமால் என்பதை அவர்கள் அசெட்டமினோஃபென் என்பார்கள். நம் அட்ரினலின் அவர்களுக்கு எபிநெஃப்ரின். நம் சால்பியூட்டமால் அவர்களுக்கு ஆல்பியூட்டரால். ஒரே மருந்துக்கு இரு பெயர் என்பதை அறியாத முதலாண்டு மாணவி இவற்றை இரண்டு மருந்துகள் என்று எண்ணிக் கொண்டால் என்ன ஆகும்? அக்காவின் போன் மில்லிக்கு 15 துளி என்று வைத்துக் கொண்டதும் அங்கே புழங்கும் செட்டின் கணக்காக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மொழியின் சிக்கல் இதைவிட நுட்பமானது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நெஞ்சுவலி என்று எளிதில் சொல்லமாட்டார்கள். "வாயு பிடிச்சிருக்கு", "கேஸ் அடைக்குது", "நெஞ்சு கரிக்குது" என்பார்கள். அச்சொற்களை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தால் அது செரிமானத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதக் கூடும். பக்கத்தில் நிற்கிற செவிலி என்ன காண்கிறாள்? வேர்த்து நனைந்த சட்டை. இடக்கையை மெல்லத் தேய்த்துக் கொள்ளும் வலக்கை. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி என்ற பழைய சீட்டு. உடனே இ.சி.ஜி. எடுக்க ஓடுகிறாள். அந்த வியர்வையைப் போனில் தட்டச்சு செய்தால்தான் இயந்திரத்துக்குத் தெரியும். அதைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று தெரிந்தவளுக்கோ பாதி விடை முன்பே தெரிந்திருக்கும்.

மறுப்போர் சொல்வதும் உண்மைதான்

"கருவியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் யோசிப்பதையே விட்டுவிடுவார்கள்" என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இதை நான் மறுக்கவில்லை. கால்குலேட்டர் கைக்கு வந்தபின் வாய்ப்பாடு மறந்துபோன தலைமுறை நாங்கள். நள்ளிரவில் மின்சாரம் நின்று, போனில் சார்ஜும் இல்லாத வார்டில் துளிக் கணக்கு மனத்தில்தான் இருக்க வேண்டும். ஆகவே முதலாண்டில் மருந்தளவுக் கணக்கு, நாடி, மூச்சு, வெப்பம், இரத்த அழுத்தம், நோயாளியோடு பேசுதல் ஆகிய அனைத்தும் கருவியின் துணையின்றியே கைவர வேண்டும். கையெழுத்துப் பழகாதவனுக்குத் தட்டச்சு எதற்கு?

"இதைக் கம்ப்யூட்டர் படித்தவர் வந்து சொல்லிக் கொடுக்கட்டும்" என்பது வேறு சிலர் கருத்து. இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிரவு வகுத்தல் எனக்குத் தெரிந்தது. கவரில் எண் இருக்கும் என்பது அக்காவுக்குத்தான் தெரிந்தது. நான் தனியே இருந்திருந்தால் இரண்டு விடைகளுக்கும் நடுவே நின்றிருப்பேன். இக்கருவியின் பிழையை வார்டில் நின்று பழகிய நர்சிங் ஆசிரியையே பிடிக்க முடியும். அவருக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். கம்ப்யூட்டர் ஆசிரியர் அவருக்குத் துணை நிற்கட்டும்.

என்ன கற்றுத் தரலாம்?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்தி அறிவித்த நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தில் நலவாழ்வுத் தகவலியலும் தொழில்நுட்பமும் ஒரு பாடமாக இருக்கிறது. சாட்ஜிபிடி வந்ததோ 2022-ன் இறுதியில். ஆக, கதவு முன்பே திறந்திருக்கிறது. பின்னால் வந்த விருந்தாளிக்குத்தான் அங்கே இலை போடப்படவில்லை. அந்த இலையில் எவற்றைப் பரிமாறலாம் என்று, அக்காவிடம் கேட்டறிந்தும் நானே சிந்தித்தும் சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, கேட்கும் முறை. நோயாளியின் வயது, எடை, வேறு நோய்கள், கையில் இருக்கும் பொருளின் அளவு இவற்றைச் சொல்லாமல் கேட்கப்படும் கேள்வி அரைக் கேள்வி. "விடை சொல்லும் முன், உனக்குத் தேவையான விவரம் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?" என்று கருவியையே கேட்கப் பழக்க வேண்டும். அக்கா இப்படிக் கேட்டிருந்தால் அந்த இரவுச் சிக்கலே பெரும்பாலும் எழுந்திராது.

இரண்டாவது, சரிபார்க்கும் பழக்கம். மருந்து கொடுக்கும்முன் ஐந்து சரி பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு நர்சிங் மாணவிக்கும் கற்றுத் தருகிறார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இயந்திரத்தின் விடைக்கும் இந்த ஐந்தையும் பொருத்திப் பார்க்க வைத்தால் போதும். மருந்துப் பெட்டியின் அச்சு, பாடநூல், மருத்துவமனையின் நடைமுறைக் குறிப்பு, மூத்த செவிலியர், மருத்துவரின் உத்தரவு இவற்றில் எதனோடு ஒப்பிட்டாள் என்பதை மாணவி எழுதிக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, பிழை பிடிக்கும் பயிற்சி. கருவி எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து, நடுவே ஆசிரியை ஒரு நஞ்சை ஒளித்து வைக்கட்டும். 'பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரே நரம்பில் செலுத்தலாம்' என்பது போன்ற ஒரு வரி. அப்படிச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அந்த வரியை முதலில் பிடிப்பவளுக்குப் பாராட்டு. இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் சாய்ந்துவிடுவதை உலக நல நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஓர் ஆபத்தாகச் சுட்டியிருக்கிறது. அச்சாய்வுக்கு எதிராக நிமிர்ந்து நிற்க இத்தகைய பயிற்சியே ஊன்றுகோல்.

நான்காவது, அந்தரங்கம். நோயாளியின் பெயரையோ, படுக்கை எண்ணையோ, புண்ணின் படத்தையோ, ரிப்போர்ட்டின் படத்தையோ போனில் ஏற்றிக் கேட்பது எளிது. ஏற்றியபின் அது எங்கே போகிறது என்று மாணவிக்குத் தெரியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு நம் நாட்டில் 2023-ல் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும். நம் தாயின் வயிற்று எக்ஸ்ரேயை முன்பின் தெரியாத ஒருவரிடம் நாம் நீட்டுவோமா?

ஐந்தாவது, நல்ல பயன்கள். இவற்றைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவனாவேன். காப்பியில் சர்க்கரையை விட மறுக்கும் ஒரு பாட்டியாகக் கருவியை நடிக்கச் சொல்லி, அவரிடம் பேசிப் பழகலாம். அங்கே தடுமாறினால் யாருக்கும் நோவில்லை. வீட்டுக்குப் போகும் நோயாளிக்கான அறிவுரைகளை எளிய தமிழில் எழுதித் தரச் சொல்லலாம். 'உயர் குருதி அழுத்தம்' என்று அது எழுதினால் 'பிரஷர்' என்று மாணவி திருத்தட்டும். நாக்கின் அடியில் வைக்க வேண்டிய மாத்திரையை விழுங்கச் சொல்லிவிட்டதா என்றும் பார்க்கட்டும். புரியாத ஆங்கிலப் பத்தியைப் புரிய வைக்கச் சொல்லலாம். தன்னைத் தானே கேள்வி கேட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

தேர்வும் மாற வேண்டும். 'போனைப் பார்த்தாயா?' என்ற கேள்விக்கு எல்லாரும் 'இல்லை' என்றே சொல்வார்கள். கருவி எழுதிய கேர் பிளானையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். அதில் மாணவி திருத்தியவை சிவப்பு மையில் இருக்கட்டும். 'இந்த வரியை ஏன் அடித்தாய்?' என்று வாய்மொழித் தேர்வில் கேளுங்கள். "என் நோயாளி காலில் எடை கட்டிப் படுத்திருக்கிறார், அவரால் நடக்க முடியாது" என்று ஒருத்தி சொன்னால், அவளுக்கு நோயாளியையும் தெரிந்திருக்கிறது, கருவியையும் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

விளக்கும் கணக்கும்

செவிலியர் பணிக்கும் கணக்குக்கும் உள்ள உறவு இன்று தோன்றியதன்று. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் விளக்கேந்திய கையே நம் நினைவுக்கு வருகிறது. அதே கையில் பேனாவும் இருந்தது. 1854-ல் கிரிமியப் போரின்போது ஸ்குடாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்ற அந்த அம்மையார், இறந்தவர்களை எண்ணிக் குறித்தார். போர்க் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக் கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகுதி என்பதை 1858-ல் வட்ட வடிவ வரைபடமாக வரைந்து ஆட்சியாளர்களின் கண்முன் வைத்தார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. புள்ளியியல் வகுப்பில் அவ்வரைபடத்தை எங்கள் பேராசிரியர் காட்டியபோது, ஒரு நர்ஸ் வரைந்ததா இது என்று வியந்தேன். அவருடைய எண்களுக்கு வலிமை எங்கிருந்து வந்தது? படுக்கைப் படுக்கையாக நடந்து, கண்ணால் கண்டு, பிறகு எண்ணியதிலிருந்து வந்தது. இன்றைய இயந்திரம் எண்ணுவதில் நம்மைவிட வல்லது. படுக்கை அருகே நடக்கும் கால் மட்டும் அதற்கு இல்லை. அந்த நடை இன்றும் செவிலியுடையதே.

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டால், இறுதியாக என் போன்றோரின் நிலையைச் சொல்ல வேண்டும். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு ஐயம் வந்தால் சாப்பாட்டு மேசையிலேயே விடை கிடைக்கும். கருவி தவறாகச் சொன்னால் "அப்படியில்லை" என்று திருத்த வீட்டில் ஆள் உண்டு. கல் குவாரித் தொழிலாளியின் மகளுக்கு இரவு பதினொரு மணிக்குச் சலிக்காமல், கேலி செய்யாமல், தமிழில் பதில் சொல்ல முதன்முதலாகக் கிடைத்த துணை இந்த இயந்திரம்தான். அதைத் தடை செய்தால் முதலில் இழப்பவள் அவள். கற்றுத் தராமல் விட்டால் முதலில் ஏமாறுபவளும் அவளே. பின்னாளில் பிழை நேர்ந்தால், ஏட்டில் கையெழுத்துப் போட்டவள் என்ற முறையில் பழியை ஏற்பவளும் அவளே. "போன் சொன்னது" என்று எந்த விசாரணையிலும் அவளால் சொல்லித் தப்ப முடியாது.

எனவே நர்சிங் கல்வியை நடத்தும் பெரியோர்களுக்கு இதை வேண்டுகோளாக வைக்கிறேன். நம் கல்லூரிக்கும் ஒரு யோசனை உண்டு. ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்துகிறோம். அடுத்த முகாமில் ஒரு நாளை ஒதுக்கி, அருகிலுள்ள நர்சிங் கல்லூரி மாணவிகளை அழைப்போம். கணிதம், கணினி அறிவியல் மாணவர்கள் இயந்திரத்தின் கணக்கை விளக்கட்டும். அவர்கள் நோயாளியின் கணக்கை நமக்கு விளக்கட்டும். இருவரும் சேர்ந்து அதன் பிழைகளைத் தேடுவோம். செலவு ஒரு வேளைச் சாப்பாடுதான்.

அக்கா இப்போதும் போனிடம் கேட்கிறாள். ஆனால் சலைன் ஏற்றும் நாளில் முதலில் கவரைப் பார்க்கிறாள், பிறகு நோட்டில் கணக்குப் போடுகிறாள், அதன்பின்தான் போனைத் திறக்கிறாள். விடை வேறாக வந்தால் மூத்த செவிலியரிடம் போகிறாள். சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது, "உன்னை இப்போ ராத்திரியிலே எழுப்புறதே இல்லை, பாத்தியா?" என்று சிரித்தாள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இப்பழக்கத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு நள்ளிரவுத் திகில். ஒரு வகுப்பறை கற்றுக் கொடுத்திருக்க வேண்டிய பாடம் அது. அடுத்து வரும் தங்கைகளுக்காவது அதை வகுப்பறையே கற்றுக் கொடுக்கட்டும்!